முள் அசையாத எட்டு நாள்

என் அக்காள் வீட்டுக்காரர் சவரிராயனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. பாராட்டிச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ரசம் பொங்கினால் அதற்கு ஒரு விதி சொல்வார். சைக்கிள் டியூப் வெடித்தால் அதற்கு ஒரு விதி சொல்வார். சாப்பிடுகிறவனை நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார். திருச்சியில் ஒரு காலேஜில் ஆறு வருஷம் ரசாயன டெமான்ஸ்டிரேட்டராக இருந்தவர். பாலக்கரையில் எங்கள் சொந்தக்காரர்களில் பி.எஸ்ஸி. முதல் வகுப்பில் பாஸானவர் அவர் ஒருவர்தான். அதனால் அவர் வாயைத் திறந்தால் நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொள்வோம். கேட்டுத்தான் கெட்டோம்.

போன வருஷம் காலமாகிவிட்டார். போனவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். நான் சொல்லப்போவது அவர் குறை மட்டுமில்லை, என்னுடையதும் சேர்த்துத்தான். ஆகவே பேசலாம்.

என் அப்பாவுக்கு உறையூரில் ஒரு சோடா ஃபாக்டரி இருந்தது. பெயர்தான் ஃபாக்டரி. ஒரு தகரக் கொட்டகை, கையால் சுற்றுகிற மெஷின் ஒன்று, தண்ணீர்த் தொட்டி, கோலி பாட்டில் அடுக்கிய மரப்பெட்டிகள், மூலையில் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டிய கேஸ் சிலிண்டர். அவ்வளவுதான் சொத்து. ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் அப்பா இறந்தபோது, எனக்குத் தெரிந்ததெல்லாம் வண்டியில் பெட்டி ஏற்றிக் கடை கடையாகப் போட்டு வருவது மட்டும். அக்காள் செல்வமேரி, "தம்பி இன்னாசி ஒருத்தனால இதக் கட்டி மேய்க்க முடியாதுங்க" என்று புருஷனிடம் அழுதாள். மச்சான் காலேஜ் வேலையை விட்டுவிட்டு வந்தார். அது தியாகம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தியாகத்தை வாரத்துக்கு இரண்டு தடவையாவது எங்களுக்கு ஞாபகப்படுத்தினார்.

ஃபாக்டரியில் அம்மாசி என்று ஒருவர் இருந்தார். அப்பாவிடம் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். கொட்டகைச் சாவி அவரிடம்தான் இருக்கும். காலையில் திறப்பதும் அவர், சாயங்காலம் பூட்டுவதும் அவர். அந்த நாளில் நாங்கள் 'அவன்' என்றுதான் சொல்வோம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரை 'டேய் அம்மாசி' என்று கூப்பிட்டிருக்கிறேன். இப்போது 'அவர்' என்று எழுதும்போது, எழுதுகிற கைக்கே கூச்சமாக இருக்கிறது.

சிலிண்டரில் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று கண்டுபிடிப்பது அம்மாசியின் வேலை. சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்தி, சிலிண்டரை இடுப்போடு சாய்த்து அணைத்து, ஒரு அரை அங்குலம் தூக்கிப் பார்ப்பார். இறக்கி வைத்துவிட்டு, "இன்னும் அஞ்சு நாளைக்கு வருங்க" என்பார். அப்பா உடனே மெட்ராஸுக்குக் கார்டு எழுதிப்போடுவார். அடுத்த சிலிண்டர் ரயிலில் வந்துவிடும். எனக்கு நினைவு தெரிந்து எங்கள் மெஷின் கேஸ் இல்லாமல் நின்றதில்லை.

மச்சான் வந்த முதல் வாரமே இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது என்ன கைக்குழந்தையா, இடுப்புல வச்சுப் பாக்கறதுக்கு? சிலிண்டர் தலையில மீட்டர் எதுக்குய்யா இருக்கு?"

அன்று எங்களை எல்லாம் நிற்கவைத்து ஒரு பாடம் எடுத்தார். வாயு என்பது சும்மா கிடக்கிற பொருள் இல்லையாம். துகள் துகளாக ஓடிக்கொண்டே இருக்குமாம். ஓடிப்போய்ச் சிலிண்டர் சுவரில் மோதுகிற மோதலைத்தான் மீட்டர் முள் காட்டுகிறதாம். உள்ளே எத்தனை நெருக்கமோ அத்தனை மோதல். நெருக்கம் பாதியானால் முள்ளும் பாதிக்கு வரும். சூடு ஏறினால் துகளுக்கு வேகம் ஏறும், அதற்கு ஒரு தெர்மாமீட்டர் மாட்டினால் போதும். நெருக்கத்துக்குச் செறிவு என்று பெயர். சாக்பீஸை எடுத்துச் சுவரில் P = CRT என்று எழுதினார். அழுத்தம் என்பது செறிவும் வெப்பநிலையும் ஒரு மாறாத எண்ணும் சேர்ந்த பெருக்கல்.

"முள்ளையும் தெர்மாமீட்டரையும் பாத்தா செறிவு வந்துடும். சிலிண்டர் கொள்ளளவு தெரியும். ரெண்டையும் பெருக்கினா உள்ள எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இதுல இடுப்புக்கு என்ன வேலை?"

நாங்கள் தலையாட்டினோம். அம்மாசியும் ஆட்டினார். மறுநாள் மச்சான் அட்டையில் ஒரு பட்டியல் போட்டு ஆணியில் மாட்டினார். தினமும் காலை பத்து மணிக்கு முள்ளைப் பார்த்து எழுத வேண்டும், சிலிண்டரை யாரும் தூக்கக் கூடாது என்பது சட்டம்.

சித்திரை, வைகாசி, ஆனி என்று வெயில் காலம் முழுக்க அந்தப் பட்டியல் ஓடியது. தகரக் கொட்டகை அடுப்பாகக் கொதிக்கும். முள் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கணக்கு அங்கே இங்கே உதைத்தது உண்மைதான், ஆனால் முள் இறங்கியதே, அது போதும் என்று விட்டுவிட்டார். ஐப்பசி மழையில் சோடா யார் குடிக்கிறார்கள்? மெஷினைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்த்தோம். மறுபடி சுற்ற ஆரம்பித்தபோது மார்கழி பிறந்துவிட்டது.

மார்கழி என்றால் எங்களுக்கு ஸ்ரீரங்கம். வைகுண்ட ஏகாதசிக்கு ஊர் கொள்ளாத ஜனம் வரும். மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த பிச்சைமுத்து, அப்பா காலத்திலிருந்தே எங்கள் சோடாவைத் தவிர வேறு எடுக்காதவர். ஏகாதசிக்கு ஐம்பது பெட்டி கேட்டிருந்தார். புது சிலிண்டர் மாட்டி, மெஷினை நிறுத்தாமல் சுற்றினோம்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. எத்தனை பெட்டி போட்டாலும் முள் இறங்கவில்லை. முதல் நாள் தொள்ளாயிரம் பவுண்டு காட்டியது. எட்டாவது நாளும் ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. மழையில் மெஷினைப் பிரித்தபோது குழாய்க்கு அவர்தான் புது வாஷர் போட்டிருந்தார். "இத்தனை வருஷமா மாமா பாதி கேஸைக் காத்துலதான் விட்டிருக்காரு. நான் அடைச்சேன், நின்னுடுச்சு" என்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொன்னார். செத்துப்போன என் அப்பா கேஸை வீணாக்கினவர் ஆகிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் படித்தவர் சொல்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

எட்டாவது நாள் சாயங்காலம் அம்மாசி தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. முள்ளு நிக்கிறது சரிதான். ஆனா சிலிண்டர் எளைச்சுப் போச்சுங்க. பாதிக்கு மேல தீந்துருச்சு. மெட்ராஸுக்கு எழுதிப் போட்டுடுங்க."

"தூக்கிப் பாத்தியா?"

"பாத்தேங்க."

"தூக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? மீட்டர் சொல்றது பொய், உன் இடுப்பு சொல்றது நெசம். அப்படித்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் நான்.

ஒன்பதாவது நாள் முள் இறங்கத் தொடங்கியது. எட்டு நாள் அசையாத முள், நாலே நாளில் தடதடவென்று விழுந்தது. பன்னிரண்டாவது நாள் மெஷினைச் சுற்றினால் கோலி ஏறிப் பாட்டில் வாயை அடைக்கவில்லை. உள்ளேயே கிடந்து உருண்டது. ஏகாதசிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பிச்சைமுத்துவுக்குப் பதினாறு பெட்டி பாக்கி. மெட்ராஸுக்குத் தந்தி அடித்தாலும் சிலிண்டர் வந்து சேராது.

ஏகாதசியன்று காலி வண்டியோடு காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போனேன். சொர்க்கவாசலுக்குப் போகிற கூட்டம் தெருவையே அடைத்துக்கொண்டிருந்தது. பிச்சைமுத்து என்னைப் பார்த்ததும், "உங்கப்பா இருந்தா இந்தக் கேவலம் எனக்கு வந்திருக்குமா?" என்று கடை வாசலில் வைத்தே கத்தினார். வேறொரு கம்பெனி வண்டி வந்து சோடாப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதை அப்படியே கொண்டுபோய் மச்சானிடம் கொட்டினேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. இரண்டு வார்த்தை கூட்டியும் இருப்பேன்.

மச்சான் பென்சிலை எடுத்து உட்கார்ந்தார். எட்டு நாள் முள் அசையவில்லை, ஆகவே எட்டு நாளில் கேஸ் செலவாகவில்லை. மெஷின் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கும், ஆகவே நாலு நாளில் ஒரு முழு சிலிண்டரை அது குடித்திருக்க முடியாது. மீதி எங்கே? கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரே விடைதான் வந்தது. யாரோ கொட்டகையைத் திறந்து, திருட்டுத்தனமாகச் சோடா போட்டு, திருவிழாக் கூட்டத்தில் விற்றிருக்கிறார்கள்.

"சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

அவர் கேட்டது தப்பு. "அம்மாசிகிட்ட" என்று நான் சொன்ன வேகம் அதைவிடப் பெரிய தப்பு.

மறுநாள் காலையில், தெருவில் பெண்கள் குழாயடியில் நிற்கிற நேரத்தில், உறையூரில் அம்மாசி வீட்டுக்குப் போனோம். மச்சான் வாசலில் நின்றுகொண்டார். உள்ளே போய்த் தேடியவன் நான். ஒரே ஒரு அறை. தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். பாயை உதறினேன். அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினேன். அம்மாசி மனைவி வெள்ளையம்மாள் அடுப்படியில் ஒதுங்கி நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசிப் பானைக்குள் என்ன கேஸா இருக்கும்? அந்தக் கேள்வி எனக்கு அன்று தோன்றவில்லை.

எங்கள் ஃபாக்டரி கோலி பாட்டில் இரண்டு கிடைத்தது. வாய் உடைந்து கழித்துப்போட்டவை. ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் விளக்கெண்ணெய். என் அப்பா கொடுத்தது என்று அம்மாசி சொன்னார். அப்பா கொடுத்திருப்பார். அப்படி நிறையப் பேருக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் நான் இரண்டையும் தெருவில் கொண்டுவந்து தூக்கிப் பிடித்துக் காட்டினேன்.

"திருட்டுப் பய" என்று மச்சான் சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, காலேஜில் விடை சொல்கிற மாதிரி சொன்னார்.

அம்மாசி உள்ளே போய் ஒரு கட்டிச் சூடம் எடுத்துவந்தார். வெக்காளியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, வாசல்படியில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "ஆத்தா மேல சத்தியமா நான் எடுக்கலை" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. பெரிய பெரிய வழக்கெல்லாம் அந்த ஒரு அடியில் தீர்ந்திருக்கிறது.

மச்சான் சொன்னார்: "சூடத்தை யாரு வேணும்னாலும் அணைக்கலாம். என் கணக்குப் பொய் சொல்லாது."

அத்தோடு முடிந்தது. அம்மாசி சாவியை என் கையில் கொடுத்தார். உள்ளங்கையில் கரி படிந்திருந்தது. திருச்சியில் ஒரு சோடாக்காரரும் அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. 'கேஸ் திருடி' என்று தெருவில் பட்டப்பெயர் விழுந்தது. தை மாதம் மகள் அமிர்தத்துக்குப் பரிசம் போடுவதாக இருந்தவர்கள் திருடன் வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்று திரும்பிப் போனார்கள். அம்மாசி ஸ்ரீரங்கத்தில் ஒரு விறகுக் கடையில் எடை போடுகிற வேலைக்குச் சேர்ந்தார். தினமும் உறையூரிலிருந்து பாலம் தாண்டி நடந்து போய் நடந்து வந்தார். சோடா வண்டியில் போகும்போது சில நாள் எதிரே வருவார். நான் அவரைப் பார்க்காமல் வண்டி மாட்டைப் பார்ப்பேன்.

இரண்டரை வருஷம் கழித்து, அறுபத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம், மெட்ராஸ் கேஸ் கம்பெனியிலிருந்து அருள்நாதன் என்று ஒரு ஃபிட்டர் வந்தார். வால்வைப் பார்த்துவிட்டு, சுவரில் தொங்கிய பட்டியலைப் படித்தார்.

"இது எதுக்கு சார்?"

மச்சான் விளக்கினார். அந்த ஆள் கேலியே பண்ணவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: "ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு இது சரி சார். சோடா கேஸுக்கு வராதே. இது உள்ள தண்ணியாட்டம் கெடக்கும். முள்ளைப் பாக்காதீங்க, தராசுல வைங்க. காலி சிலிண்டர் எடை கழுத்துலயே அடிச்சிருக்கு பாருங்க."

கழுத்தில் இரும்பிலேயே அடித்திருந்தது. மூன்று வருஷமாக மச்சான் தினமும் மீட்டர் பார்க்கக் குனிகிற இடத்துக்கு நாலு விரற்கடை கீழே. நான் அப்போது பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன், ஒன்றும் விளங்கவில்லை. மச்சான் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த வாரம் ஒரு பிளாட்பாரத் தராசு வந்தது. சுவர்ப் பட்டியலைக் காணோம். "இனிமே எடை போட்டு எழுதணும்" என்றார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

எங்கள் சபையில், பூசையில் சாமியார் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்குவதை நன்மை வாங்குவது என்போம். மனசில் பாவம் வைத்துக்கொண்டு நன்மை வாங்கக் கூடாது. முதலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டும், அவர் சொல்கிற பரிகாரத்தைச் செய்ய வேண்டும். ஒருவன் பூசைக்கு வந்தும் நன்மை வாங்கப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால், கோயில் முழுக்க அவன் முதுகைப் பார்க்கும். அதிலும் பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு வாங்காமல் இருப்பது பெரிய குற்றம். அறுபத்துமூன்றில் தவக்காலம் தொடங்கிய வாரம் அக்காள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உன் மச்சான் ஒன்றரை வருஷமா நன்மை வாங்கறதில்லடா. போன பாஸ்காவுக்கும் வாங்கல. கேட்டா, வயிறு சரியில்லைங்கறார். பாஸ்காவுக்குமா வயிறு சரியில்லாம போகும்? நீ கேளு. எனக்குப் பயமா இருக்கு."

நான் போய்க் கேட்டேன். சிலிண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாசி, அம்மாசி எடுக்கலைடா."

அவர் சொல்லிக்கொண்டே போனார். சோடா கேஸ் முப்பத்தொரு டிகிரிக்கு மேலே இருக்கும்போதுதான் எத்தனை அழுத்தினாலும் வாயுவாகவே இருக்குமாம். அதற்குக் கீழே குளிர்ந்துவிட்டால், அழுத்திய வாயு திரவமாகி அடியில் உட்கார்ந்துவிடும். சித்திரையில் கொட்டகை கொதித்தது, எல்லாம் வாயு, அதனால் முள் இறங்கியது. மார்கழியில் அடியில் திரவம். மேலே இருக்கிற வாயுவை எடுக்க எடுக்கத் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பியது. நெருக்கம் குறையவே இல்லை, முள்ளும் அசையவில்லை. எட்டு நாள் நாம்தான் செலவழித்தோம். திரவம் தீர்ந்த பிறகுதான் முள் விழுந்தது.

"விதி சரிதான்டா. நெருக்கம் எவ்வளவுன்னு முள்ளு ஒழுங்காத்தான் சொல்லுச்சு. சரக்கு எவ்வளவு இருக்குன்னு அதுகிட்ட கேட்டது நான்தான்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியாதா மச்சான்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஆறு வருஷம் பசங்களுக்கு நோட்ஸ் சொன்னேன். முப்பத்தொரு டிகிரின்னு என் வாயாலதான் சொன்னேன். எழுதிக்கிட்டானுங்க. நானும் சொன்னதோட சரி. அது நம்ம கொட்டகையில கெடக்குற சிலிண்டருக்குள்ள நடக்கிற விஷயம்னு எனக்குத் தோணவே இல்ல."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில், "தெரிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே" என்று கத்தினேன்.

"சாமியார்கிட்ட போனா, போய் அந்த ஆள்கிட்ட சொல்லுன்னுதான் சொல்வாரு. அதனாலதான் போகல. ஆறு மாசம் பாலம் வரைக்கும் நடந்து போயிருக்கேன். திரும்பி வந்துடுவேன்." "நீ அரிசிப் பானையில கைய விட்டியே, அதுதான் கண்ணு முன்னாடி நிக்குது."

நான் கத்தியது அத்தோடு நின்றது. அந்தக் கை என்னுடையது. இந்த ஒன்றரை வருஷம் அவராவது தூங்காமல் இருந்திருக்கிறார். எனக்கு நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பானை ஞாபகத்துக்கு வந்ததில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த வாரமே இருவரும் ஸ்ரீரங்கம் போனோம். விறகுக் கடையில் அம்மாசி பெரிய தராசில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த கட்டையைத் தட்டில் வைத்தார். மச்சான் செறிவிலிருந்து ஆரம்பித்தார். அம்மாசி குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு எங்க தெருவுல வச்சுச் சொன்னீங்க. இன்னிக்கு விறகுக் கடையில வந்து சொல்றீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த கட்டையை எடுத்தார்.

வருகிற வழியில் மச்சான் பாலத்தின் நடுவில் நின்று, "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு போவோம்" என்றார். வாய் உடைந்த அந்த இரண்டு பாட்டில்களும் கொட்டகைப் பரணில் தூசி படிந்து கிடந்தன. நான் கழுவி எடுத்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை உறையூரில் அந்தத் தெருவுக்குப் போனபோது, அதே குழாயடியில் அதே கூட்டம். வேட்டி சட்டையோடு, படித்த மனிதர் ஒருவர் அம்மாசி வாசலில் வந்து நின்றதும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அம்மாசியும் வெள்ளையம்மாளும் வெளியே வந்து நின்றார்கள். ஆறு வருஷம் வகுப்பெடுத்தவருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஃபாக்டரியில கேஸ் காணாமப் போச்சு இல்லீங்களா..." என்று தொடங்கிச் செறிவு, அழுத்தம் என்று போனார். ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு ஆள் கொட்டாவி விட்டான். மச்சான் சட்டென்று நிறுத்தினார்.

"ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போயிருக்கீங்களா? சொர்க்கவாசல் வழியில கூட்டம் எப்படி இருக்கும்?"

"மூச்சு விட முடியாது" என்றது ஒரு பெண் குரல்.

"அந்தப் பக்கம் ஆள் வெளிய போய்க்கிட்டே இருக்கு. ஆனா வழியில நெருக்கம் குறையுதா? குறையாது. ஏன்? பின்னால தெருவுல ஆயிரம் பேர் நிக்கிறாங்க, ஒருத்தர் போனா ஒருத்தர் உள்ள வர்றாங்க. நான் அந்த வழிக்குள்ள மட்டும் நின்னுக்கிட்டு, நெருக்கம் குறையல, அதனால யாருமே வெளிய போகலன்னு சொன்னேன். தெருவுல நின்ன கூட்டம் தீந்ததும் வழி சடார்னு காலியாச்சு. ஐயோ, இத்தனை பேரை யாரோ கடத்திட்டான்னு சொன்னேன்."

இப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. குழாயடியில் யாரோ, "அப்ப கேஸை யாருதான் எடுத்தது?" என்றார்.

"யாரும் எடுக்கல. நாங்கதான் சோடாவாப் போட்டு வித்துட்டோம்."

"வித்துப்புட்டா திருடனைத் தேடினீங்க?" என்று ஒருவன் கேட்க, தெருவே சிரித்தது. மச்சான் அந்தச் சிரிப்பைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் இரண்டு பாட்டிலோடு நானும் நின்றேன். எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் வெள்ளையம்மாள் கேட்டாள். அன்றைக்கும் சரி, அதற்கு முன்னாலும் சரி, அவள் எங்களிடம் பேசி நான் கேட்டதில்லை.

"அப்ப எங்க வீட்டுக்காரரு திருடலைங்கறீங்களா?"

"திருடலைம்மா."

"இந்த ஒரு வார்த்தைய மொதல்ல சொல்லியிருக்கலாமே. அதுக்கா இவ்வளவு நேரம் சுத்தினீங்க?"

மச்சான் தெருவைப் பார்த்துத் திரும்பி, "அம்மாசி திருடலை. நான் சொன்னது பொய்" என்றார். நான் பாட்டில்களை வெள்ளையம்மாளிடம் நீட்டினேன். "அரிசிப் பானையில கை வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க" என்றேன். அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அமிர்தத்தை அதற்குள் துறையூர்ப் பக்கம், மூத்த தாரம் இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதை நாங்கள் எந்தத் தெருவில் நின்று திருப்பிக் கொடுப்பது?

மச்சான் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். ஒரு கட்டிச் சூடம். எப்போது வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. கிறிஸ்தவ வேதக்காரர்களான எங்கள் வழக்கத்தில் சூடம் ஏற்றுவது இல்லை. அதை வாசல்படியில், அம்மாசி அன்று வைத்த அதே இடத்தில் வைத்துவிட்டு, தீப்பெட்டிக்காக என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அம்மாசி குனிந்து சூடத்தை எடுத்து மச்சான் கையிலேயே திருப்பி வைத்தார்.

"வேணாங்க. உங்க வார்த்தையே போதும். ஊரு நம்பும். அன்னிக்கு என் வார்த்தைதான் போதல."

மச்சான் பாஸ்காவுக்கு நன்மை வாங்கினார். அந்தச் சூடக் கட்டியைக் காகிதத்தில் மடித்துத் தராசுக்குப் பக்கத்து மாடத்தில் வைத்திருந்தார். அது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றிலேயே கரைந்து, அவர் இறந்த பிறகு நான் எடுத்துப் பார்த்தபோது வெறும் காகிதம்தான் இருந்தது.